பழனியில் முதல் முடி

மகளுக்குப் பதினோராம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, அவளுடைய முதல் முடியைப் பழனியாண்டவனுக்குக் கொடுப்பதாக நேர்ந்திருந்தபடி, ஈரோட்டிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் குடும்பத்தோடு புறப்பட்டோம். "மூணு மொட்டை போட்டாத்தான் கண்ணு, முடி கருகருன்னு அடர்த்தியா வரும்" என்று அத்தை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பள்ளியில் உயிரியல் நடத்துபவள்தான் நான்; ஆயினும் மாமியாருக்குப் பேருந்தில் பாடம் எடுக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

திருஆவினன்குடியில் வணங்கிவிட்டு, அடிவாரத்தில் முடிக் காணிக்கை செலுத்தும் இடத்துக்குச் சென்றோம். 2021 முதல் தமிழகக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. என் தம்பி, தாய்மாமன் என்ற உரிமையோடு, குழந்தையை மடியில் இருத்திக்கொண்டான். தண்ணீர் பட்டதும் வீறிட்டவள், கத்தி உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியதும் ஏனோ அழுகையை நிறுத்திவிட்டு, மடியில் விழுந்த முடியைப் பிடிக்க முயன்றாள்.

அந்த முடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பூனைமயிர் போல மெல்லியதாக, நுனி கூராகத் தேய்ந்திருந்தது. அத்தையின் நம்பிக்கைக்கு வித்து இந்த நுனியில்தான் இருக்கிறது. சிரைத்த பின் தலைகாட்டும் முடிக்குக் கூர்நுனி கிடையாது; வெட்டுப்பட்ட அடிப்பகுதியே மேலே வருவதால், தடவினால் முள்ளாகக் குத்துகிறது, பார்த்தால் தடிப்பாகத் தெரிகிறது. வெளியே நிற்கும் முடி கெரட்டின் என்ற உயிரற்ற புரதம். வளர்ச்சியெல்லாம் தோலுக்கடியில், இரத்தம் பாயும் வேர்ப்பையில் நடக்கிறது. மேலே கத்தி பட்டதும் கத்தரி பட்டதும் அந்த வேருக்குத் தெரியவே தெரியாது. வேர்ப்பைகளும் கருவிலேயே அமைந்துவிடுகின்றன; மொட்டையால் ஒன்றுகூடப் புதிதாக முளைப்பதில்லை. 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர், சிரைப்பதால் முடியின் தடிமனோ வேகமோ மாறுவதில்லை என்று அளந்து காட்டினார். குழந்தையின் மென்முடி வயது ஏற ஏறத் தானாகவே தடிக்கும். அது தடிக்கும் பருவத்தில் நாம் மொட்டையும் போடுவதால், பெயர் மொட்டைக்குப் போய்விடுகிறது.

நானும் பூமுடி கொடுத்தேன். கத்தரி பட்ட நுனியில் பிளவுண்ட இழைகள் போய், பின்னல் சீராகத் தெரிந்ததே தவிர, மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. என்ற அதன் நடை அதனால் மாறப்போவதில்லை.

அப்படியானால் எதற்காகக் கொடுத்தோம் என்ற கேள்வி படியேறும்போது கூடவே வந்தது. கனிக்காகக் கோபித்து, அனைத்தையும் துறந்து, கோவணமும் தண்டுமாக நிற்கிறவனின் மலை அது. அந்த ஆண்டியிடம், இதை வாங்கிக்கொண்டு அடர்த்தியாகத் திருப்பிக் கொடு என்று பேரம் பேசுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. திரும்ப வராது என்று தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேனா என்பதற்கு, நேர்மையாகச் சொன்னால், என்னிடம் விடை இல்லை. சாயரட்சையில் ராஜ அலங்காரம் கண்டோம். சந்தனம் பூசிய குட்டித் தலை என் தோளில் உறங்கிப்போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, இரண்டு விரற்கடைகூட வளராத முடியை உள்ளங்கையால் தடவிய அத்தை, "பார்த்தியா, எப்படிக் குத்துது!" என்று பூரித்தார். கூர்நுனியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மூன்றாம் வயது மொட்டைக்கு நாள் பார்க்க நாட்காட்டியை எடுத்துவிட்டார்.