வெயிலில் போட்ட மதிப்பெண்

மலைச்சாலைக்காக வெட்டிய பாறைச் சரிவுகளைப் பார்த்து, எது நிற்கும், எது இறங்கும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அதற்குப் படிவம் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, கடைசியில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் வரும். எல்லோரும் கேட்பது அந்த எண்ணைத்தான். அது எந்த நாளின் எண் என்று யாரும் கேட்பதில்லை.

பரவலாகப் புழங்குவது பீனியாவ்ஸ்கி என்ற பொறியாளர் 1973-இல் கொண்டுவந்த ஆர்.எம்.ஆர். முறை, பாறைத் திரளுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடுவது. இப்போது பெரும்பாலும் அதன் 1989 வடிவம். பாறையின் வலிமைக்கு 15, ஆர்.க்யூ.டி.க்கு (துளையிட்டு எடுத்த பாறைத் தண்டில் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகள் எத்தனை சதவீதம் என்பது) 20, பிளவுகளின் இடைவெளிக்கு 20, பிளவுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்கு 30, நிலத்தடி நீருக்கு 15. இந்தக் கடைசிப் பதினைந்தைப் பாருங்கள். சரிவு முழுக்கக் காய்ந்திருந்தால் பதினைந்தும் கிடைக்கும். தண்ணீர் சொட்டினால் 4. ஓடினால் பூஜ்யம். கணக்கெடுக்கப் போவது எப்போது? மழையில் யாரும் போவதில்லை. சேறு, மூடுபனி, மேலிருந்து கல் வேறு உருளும். நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போகிறோம். பாறை தானாக எதுவும் செய்யாமலே பதினைந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறது.

சரி, அது ஒரு கட்டம்தான். சிதைந்த பாறையில் இதைவிடப் பெரிய வம்பு வேறு இடத்தில் இருக்கிறது.

சிதைவை ஆறு தரமாகப் பிரிப்பது வழக்கம். ஒன்று, கெடாத புதுப் பாறை. ஆறு, முழுக்க மண். ஐந்தாவது தரத்தில் கையால் நொறுக்கிவிடலாம், ஆனால் பழைய பாறையின் வரிகளும் பிளவுகளும் அப்படியே தெரியும். இந்த இரண்டு கோடிகளிலும் எனக்குக் குழப்பமில்லை. ஒன்றைப் பாறையாகக் கணக்குப் போடலாம், மற்றதை மண்ணாக. தொல்லை மூன்றிலும் நான்கிலும். மூன்றில் பாதிக்குக் குறைவாக மண், நான்கில் பாதிக்கு மேல் மண். இரண்டும் கலந்து நிற்கும் இந்த ரகத்தைப் பாறைக்கான முறையும் சரியாகப் பிடிக்காது, மண்ணுக்கான முறையும் பிடிக்காது.

கிரானைட் போன்ற பாறைகளில் இது நன்றாகத் தெரியும். பிளவு வழியாகத் தண்ணீர் இறங்கி இரண்டு பக்கமும் அரிக்கும். பிளவுகளுக்கு நடுவே இருக்கும் பாறைக்கட்டியின் மூலைகளை எல்லாப் பக்கத்திலிருந்தும் தாக்குவதால் அவைதான் முதலில் போகும். கடைசியில் நடுவில் உருண்டையாக ஒரு கெட்டிக் கல்லும், சுற்றிலும் பொரபொரவென்ற மக்கலும் மிஞ்சும். இப்போது வலிமையை அளக்க ஷ்மிட் சுத்தியலை எடுக்கிறோம். பாறையில் மோதி எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று எண்ணாகக் காட்டும் வில்சுருள் கருவி அது. அதை வைக்கச் சமமான, கெட்டியான இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் உருண்டைக் கல்லின் முகத்தில்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு, ஐ.எஸ்.ஆர்.எம். என்ற சர்வதேசப் பாறை இயக்கவியல் சங்கம் 1978-இல் வெளியிட்ட வழிமுறைப்படி இருபது அளவு எடுத்து, அதில் உயர்ந்த பத்தின் சராசரியை எடுக்க வேண்டும். புதுப் பாறைக்கு அது நியாயம்தான். குறைவான எண்கள் சுத்தியல் சரியாகப் படியாததால் வந்திருக்கலாம். சிதைந்த பாறையில் அந்தக் குறைவான எண்கள்தான் செய்தியே. அதைத் தள்ளிவிட்டு ‘வலிமையான பாறை’ என்று எழுதினால், உருண்டையை அளந்திருக்கிறோம், அதைப் பிடித்து வைத்திருப்பதை அளக்கவில்லை.

அதனால் எனக்கு ஷ்மிட் சுத்தியலைவிடப் பேனாக்கத்தி முக்கியம். பிளவுக்குள் முனையை விட்டுச் சுரண்டுவேன். சுரண்டி வந்ததில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்ப்பேன். மணல் என்றால் நறநறக்கும். களி என்றால் வழுக்கும், விரல் ரேகையில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபின் வெள்ளையாக உரியும். பிளவின் சுவரில் துருநிறக் கறை மட்டும் இருந்தால் தண்ணீர் வந்து போகிறது என்று அர்த்தம். களி இருந்தால் வந்த தண்ணீர் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. சொரசொரப்பான, கெடாத சுவர் என்றால் முழு 30. ஐந்து மில்லிமீட்டருக்குள் களி நிரம்பியிருந்தால் 10. அதற்கு மேல் மெத்தென்ற களி என்றால் ஒன்றுமே இல்லை. ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளியில் இருபது மதிப்பெண் கரைகிறது. தூரத்திலிருந்து பார்த்தாலோ இரண்டு பிளவும் ஒரே கோடாகத்தான் தெரியும்.

அப்புறம் திசை. பாறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிளவு சாலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் கதை வேறு. இதற்காகத்தான் ரோமானா என்ற பொறியாளர் 1985-இல், சரிவுகளுக்கென்றே எஸ்.எம்.ஆர். முறையைக் கொடுத்தார்: ஆர்.எம்.ஆர். எண்ணிலிருந்து பிளவுக்கும் சரிவுக்கும் உள்ள உறவுக்குத் தகுந்தபடி கழிப்பது, வெட்டிய விதத்துக்குத் தகுந்தபடி கூட்டுவது அல்லது கழிப்பது. ஆர்.எம்.ஆர். 62 என்று வைத்துக்கொள்வோம். ‘நல்ல பாறை’ வகுப்பு. வெட்டுமுகம் 70 டிகிரி, பிளவு 40 டிகிரி, இரண்டின் சாய்வுத் திசைக்கும் 8 டிகிரிதான் வித்தியாசம். அட்டவணைப்படி காரணிகள்: திசை வித்தியாசத்துக்கு 0.85, பிளவின் சாய்வுக்கு 0.85, பிளவுக்கும் வெட்டுமுகத்துக்கும் உள்ள சாய்வு வித்தியாசத்துக்குக் கழித்தல் 60. பெருக்கினால் 43 சொச்சம் போகிறது. இயந்திரத்தால் வெட்டியது, அதற்குக் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. மிச்சம் 19. கடைசி வகுப்பு, நிற்கவே நிற்காது என்கிற வகை. சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பாறைதான் இது.

சரிவின் உச்சிக்கு ஏறாமல் எழுதிய அறிக்கையை நான் நம்புவதில்லை. கீழே சாலையில் நின்று எல்லாப் பிளவையும் அளந்துவிடலாம், மேலே விளிம்புக்குப் பின்னால் புல்லுக்குள் மறைந்திருக்கும் விரிசல் மட்டும் தெரியாது. அதில் தண்ணீர் நிரம்பினால் முன்னால் இருக்கும் பாறையைத் தள்ளும். தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தில் கூடும். இரண்டு மீட்டர் ஆழம் நிரம்பினால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2 டன். நான்கு மீட்டர் நிரம்பினால் சுமார் 8 டன். அதனால் மேலே போனால் முதலில் பார்ப்பது வடிகால்தான். மண் அடைத்துக்கொண்டதா, சிமெண்ட் பூச்சு வெடித்துத் தண்ணீர் நேராக விரிசலுக்குள் இறங்குகிறதா என்று. பல இடங்களில் இறங்குகிறது.

களிப்பாறை வேறு ரகம். இன்று வெட்டினால் இன்று கெட்டி. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துவிடும். சோதனைக்கூடத்தில் துண்டுகளைச் சல்லடை உருளையில் போட்டு, பாதி தண்ணீரில் முழுகும்படி வைத்து, பத்து நிமிடத்தில் 200 சுற்றுச் சுற்றி, மிச்சத்தைக் காயவைத்து எடை போட்டு, மறுபடி ஒரு தடவை சுற்றுவோம். முதல் தடவை தப்பித்தது இரண்டாவது தடவையில் சேறாகும். இந்தப் பாறைக்கு மேலே கெட்டியான மணற்பாறை அடுக்கு இருந்தால், அடியில் உதிர உதிர மேலே கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படிக் காலத்தோடு மாறும் பாறைக்கு இரண்டு தடவை மதிப்பெண் போடச் சொன்னதும் ரோமானாதான்: இப்போது இருக்கும் நிலைக்கு ஒன்று, சிதைந்தபின் இருக்கப்போகும் நிலைக்கு ஒன்று. தண்ணீர்க் கட்டத்தையும் மோசமான மழைக்காலத்தை மனதில் வைத்து நிரப்பச் சொன்னார். எழுதி நாற்பது வருடமாகிறது, இன்னும் ஒரே எண்ணோடு முடியும் அறிக்கைகள் என் மேஜைக்கு வருகின்றன.

நான் இரண்டு எண் எழுதுகிறேன், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக. நூற்றைம்பது மீட்டர் வெட்டுக்குச் சராசரி போட மாட்டேன். நூற்றிருபது மீட்டர் நன்றாக இருந்தாலும் மிச்ச முப்பதுதான் சாலையில் வந்து விழும். “ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுங்களேன்” என்று கேட்டால் குறைந்ததைக் கொடுப்பேன். அடுத்த கேள்வி எப்போதும் வலையைப் பற்றித்தான்: கம்பி வலை போர்த்தினால் போதாதா? உதிரும் சில்லுகளுக்குப் போதும். பிளவோடு மொத்தமாக நழுவும் பாளத்தை வெறும் வலை நிறுத்தாது. அங்கே முதலில் பாறைக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே விட வடிதுளை போட வேண்டும், உள்ளே போகப் போகச் சற்று மேல்நோக்கி, தண்ணீர் நிற்கும் பிளவைக் குறுக்காக வெட்டும்படி. பிளவைத் தொடாமல் வரைபடத்துக்காகச் சீரான இடைவெளியில் போட்ட துளைகளையும் பார்த்திருக்கிறேன். அடைமழையிலும் அவை காய்ந்தே கிடக்கும்.