முட்டி ஜவ்வு அறுந்ததிலிருந்து மீண்டும் திடலுக்கு: என் 11 மாதங்கள்

இரண்டு மாதம் முன்பு, மாநில அணியில் ரக்பி ஆடும் ஒரு தங்கச்சி முட்டியில் பட்டை போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு அறுந்துவிட்டதாம். "அக்கா, எத்தனை மாசத்துல திரும்ப விளையாடலாம்?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கு அறுந்தபோது நானும் டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். அவளிடம் அன்று சொன்னதில் பாதி விட்டுப்போய்விட்டது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்தவள். பள்ளியில் வலைப்பந்துதான் ஆடினேன். 2016-ல் எழுவர் ரக்பி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ரியோவில் நடந்த பெண்கள் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா 24-17 என்று நியூசிலாந்தை வென்றது. ஆனால் என் மனத்தில் நின்றவர் தோற்ற அணியின் போர்ஷியா வுட்மன். அவரும் வலைப்பந்திலிருந்து வந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு ஆட்டம் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் காமன்வெல்த் போட்டியில் எழுவர் ரக்பி முதலில் ஆடப்பட்டதே 1998-ல் நம் கோலாலம்பூரில்தான். அது ஆண்களுக்கு மட்டும். பெண்கள் உள்ளே வர 2018 கோல்ட் கோஸ்ட் வரை, 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, முட்டிக்கு வருகிறேன். அப்போது நாட்டு அணியில் இருந்தேன். மாலை மழை பெய்து ஓய்ந்த திடல். எதிரே வந்தவளை ஏமாற்ற வலது காலை ஊன்றி இடப்பக்கம் சட்டென்று வெட்டித் திரும்பினேன். யாரும் என்னைத் தொடவே இல்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வலிகூட ஐந்து நிமிடத்தில் குறைந்துவிட்டது. எழுந்து நடந்தேன், 'ஒன்றுமில்லை' என்றும் சொன்னேன். இரவுக்குள் முட்டி இளநீர்க் காய் அளவுக்கு வீங்கிவிட்டது. இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், நடக்க முடிகிறதே என்று ஏமாறாதீர்கள். இப்படி வெட்டித் திரும்பும் விளையாட்டுகளில் பெண்களுக்குத்தான் இந்த ஜவ்வு அதிகம் அறுகிறது.

டாக்டர் முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். இடது காலில் இழுத்தால் 'டக்' என்று நின்றது. வலது காலில் நிற்கவே இல்லை, லாச்சியைத் திறப்பதுபோல முன்னால் வந்தது. எம்ஆர்ஐ அப்புறம்தான் எடுத்தார்கள். எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

உடனே அறுவை செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆறு வாரம் கழித்துத்தான் செய்தார்கள். முதலில் வீக்கம் வடிய வேண்டும், கால் முழுதாக நீள வேண்டும், தொடைக்குப் பலம் வர வேண்டும். விறைத்த முட்டியோடு மேசையில் படுத்தால் விறைத்த முட்டியோடுதான் எழுந்திருப்போம். அம்மா இந்தக் காலத்தில் இரண்டு காரியம் செய்யப் பார்த்தார். ஒன்று, எண்ணெய் தேய்த்து நீவி விடுவது, அதைத் தடுத்துவிட்டேன். இன்னொன்று, என் கால் சரியானால் பத்துமலையில் நான் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டது. அதை என்னிடம் கேட்காமலே செய்துவிட்டார்.

தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து, அறுந்த ஜவ்வு இருந்த இடத்தில் வைத்துக் கட்டினார்கள். மறுநாள் பிசியோ வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்த மலாய்க்காரர், நான் 'காக்' (மலாயில் அக்கா) என்றே கூப்பிடுவேன். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "முட்டியைக் கீழே அழுத்து" என்றார். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. தொடைத் தசை என் சொல்லைக் கேட்கவே இல்லை. 100 மீட்டர் திடலை ஒரே மூச்சில் ஓடிய கால் அது. காக் முட்டிக்கு மேலே தசையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தார். "பாரு, அங்கேயே பாரு" என்றார். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். அவர் விரலுக்கு அடியில், பல்லியின் தொண்டை துடிப்பதுபோல ஒரு சின்னத் துடிப்பு வந்தது. அழுதுவிட்டேன். காக் விரலை எடுக்கவில்லை. "இன்னும் பத்து தடவை" என்றார்.

ஊன்றுகோல், மடக்குவது, நீட்டுவது என்று அடுத்த சில வாரங்கள் போய்விட்டன. சொல்ல வேண்டியது இரண்டாவது, மூன்றாவது மாதத்தைப் பற்றித்தான். வலி போய்விடும். நடை அழகாகிவிடும். பார்ப்பவர்கள் "சரியாயிடுச்சே" என்பார்கள். வைத்த தசைநாணுக்கு உடம்பு புதிதாக இரத்தநாளம் விட்டு அதை ஜவ்வாக மாற்றிக்கொண்டிருக்கும் காலம் அது. வைத்த அன்று இருந்த பலம்கூட அப்போது அதற்கு இருக்காது. ஒன்பதாவது வாரம் புக்கிட் ஜாலில் எல்ஆர்டி நிலையத்தில் படி இறங்கும்போது, ரயில் வந்துவிட்டதே என்று கடைசி நான்கு படியைத் தாவிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. காக்கிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு நாள்தான்.

தைப்பூசம் வந்தபோது அறுவை முடிந்து மூன்றரை மாதம் ஆகியிருந்தது. பத்துமலையில் 272 படி. ஏறிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. காக், "ஏறுவது இருக்கட்டும், இறங்குவதை யோசி. கூட்டத்தில் யாராவது இடித்தால்?" என்றார். அம்மாவே பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். நான் கீழே நின்றேன். அம்மாவின் மஞ்சள் புடவை மற்ற மஞ்சள் புடவைகளுக்குள் கலந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் முட்டி வலி உண்டு.

எட்டாவது மாதம் ஒற்றைக் காலில் தாண்டும் சோதனை. இடது கால் 158 சென்டிமீட்டர், வலது 131. நூற்றுக்கு 83. குறைந்தது 90 வேண்டும். அணியில் இடம் போய்விடுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். ஒன்பது மாதம் ஆகுமுன் திடலுக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி அறுவது அதிகம் என்று காக் விளக்கினார். ஒன்பது மாதம் ஆனாலும் சோதனையில் தேறாமல் விட மாட்டேன் என்றார். நாள்காட்டியைப் பார்ப்பதை அன்றுதான் நிறுத்தினேன். 2018-ல் குதிகால் தசைநாண் அறுந்த வுட்மன், டோக்கியோவிலும் பாரிசிலும் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அந்த ஒரு நினைப்பில் இரண்டு மாதம் ஒற்றைக் கால் பயிற்சியாகவே செய்தேன். பத்தாவது மாதம் இடது 160, வலது 152.

கால் தேறிவிட்டது. மனம் தேறவில்லை. காக் என் பயிற்சிக் காணொளியைப் போட்டுக் காட்டினார்: எல்லா வெட்டும் இடது காலில். எனக்கே தெரியாமல் வலது காலை ஒளித்து வைத்திருந்தேன். எழுவர் ரக்பியில் ஒளிய இடமில்லை. 15 பேர் ஆடும் அதே அளவுத் திடலில் ஏழே பேர். எப்போதும் ஒருத்திக்கு ஒருத்திதான், எந்தக் காலில் வெட்டுவேன் என்று எதிரி இரண்டு தடவையில் படித்துவிடுவாள். அதனால் தனியாக, மெதுவாக, கூம்புகளை வைத்து வலது கால் வெட்டு மட்டும் பழகினேன். மோதலும் படிப்படியாகத்தான்: முதலில் மண்டியிட்டு டேக்கல் (பிடித்து வீழ்த்துவது), பிறகு பயிற்சி மூட்டையை இடிப்பது, கடைசியில்தான் ஆளோடு.

பதினொன்றாவது மாதம் ஒரு கிளப் போட்டி. பாதிக்கு ஏழு நிமிடம். எனக்குக் கொடுத்தது இரண்டாம் பாதியின் கடைசி மூன்று நிமிடம். பந்து வந்தது, ஒருத்தி எதிரே வந்தாள், அவளைத் தாண்டிவிட்டேன். எப்படித் தாண்டினேன் என்று நினைவில்லை. இரவு காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஊன்றியது வலது கால். அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை, "நல்லா ஓடுறியே மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். அடுத்த தைப்பூசத்தில் பால்குடத்தை நான் எடுத்தேன்.

அந்தத் தங்கச்சிக்கு அறுவை முடிந்து இப்போது இரண்டாவது வாரம். நேற்று இரவு ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, முட்டிக்கு மேலே அவளுடைய அம்மாவின் இரண்டு விரல். துடிக்கிறதா இல்லையா என்று நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். துடிக்கிறது.