ஒரே துண்டுத் துணி

டிசம்பர் 18

அம்மா காத்தான்குடிக்குப் போய் என் இரட்டைப் பெண்பிள்ளைகளுக்குப் பொங்கலுக்குத் துணி வாங்கி வந்துவிட்டார். மஞ்சளில் சிவப்புப் பூ. ஒரே துண்டு. இரண்டு நிறத்தில் வாங்குவோம் என்று நேற்றும் சொன்னேன். "ஒரே துணியில் வெட்டினால் ஒருவருக்கும் குறை இராது பிள்ளை" என்றார், தேங்காய் துருவப் போய்விட்டார். இது அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. அடுப்படி இன்னும் அவருடையது. பிள்ளைகளின் உடுப்பும் அவருடையதுதான் போலிருக்கிறது.

பெரியவள் அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்.

டிசம்பர் 19

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது மனம் அடங்கட்டும்.

இரண்டு பேரையும் ஒரே மாதிரி உடுத்தி மாமாங்கக் கோயிலுக்குக் கூட்டிப் போனால் சனம் முதலில் சிரிக்கிறது. "அச்சொட்டு!" என்கிறது. அடுத்த மூச்சிலேயே பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இது கொஞ்சம் மெலிவு. இதற்கு முகம் வாட்டம். இது சரியாகச் சாப்பிடுவதில்லையோ? எல்லாம் சின்னவளைத்தான். சட்டை வேறாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சட்டையைப் பற்றிப் பேச ஏதாவது இருக்கும். சட்டையும் ஒன்று, முகமும் ஒன்று என்றால் கண் வித்தியாசத்தைத் தேடுகிறது. தேடினால் அகப்படுவது அவளுடைய தோள் எலும்பு.

பிறந்தபோது பெரியவள் 2.3 கிலோ, இவள் 1.8. அவர்களின் வளர்ச்சியைக் குறிக்கும் இரண்டு இளஞ்சிவப்புப் பதிவேடுகளும் அலுமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒருத்தியின் எடைக் கோடு பச்சையில் ஏறிப் போகிறது. மற்றவளின் கோடு மஞ்சளை விட்டு வர மூன்று வருடம் எடுத்தது. திரிபோஷா சத்துமா சின்னவளுக்குத்தான் கொடுத்தார்கள். அம்மா அதையும் இரண்டாகப் பிரித்து உருண்டை பிடித்தார். அப்போதும் நான் வாதாடினேன்.

அவள் கேட்டுக்கொண்டே நிற்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'மெலிவு' என்றால் என்னவென்று தெரியாதா?

டிசம்பர் 21

மழை. ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். துணி இன்னும் தையல் அக்காவிடம் போகவில்லை.

டிசம்பர் 22

இன்று அம்மா தானாகவே பேசினார். 1978 நவம்பர் 23, சூறாவளி. அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. கூரை போய்விட்டது, தென்னைகள் எல்லாம் விழுந்துவிட்டன, உடுத்த உடுப்பைத் தவிர வேறில்லை. பிறகு நிவாரணமாக ஒரு துணிச் சுருள் வந்ததாம், நீலத்தில் வெள்ளைக் கட்டம். அம்மம்மா அதிலேயே அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சட்டையும், மாமாவுக்கு ஒரு சேர்ட்டும் தைத்தார். பக்கத்து வீட்டிலும் அதே கட்டம். "அந்த வருடம் ஒருவர் உடுப்பைப் பார்த்து ஒருவர் ஏங்கவில்லை" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒரே துணி என்பது நீதி. அது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று எல்லாரும் ஒரே கட்டத்தில் இருந்தார்கள். ஊரே வேறு வேறாக உடுத்தி நிற்க, இரண்டு பிள்ளைகள் மட்டும் ஒன்றாக நிற்பது அதுவல்ல.

டிசம்பர் 26

நாவலடி. சுனாமியில் போனவர்களுக்கு விளக்கு ஏற்றினோம். பிள்ளைகளின் கையை அம்மா விடவேயில்லை.

டிசம்பர் 29

கட்டாரிலிருந்து பிள்ளைகளின் அப்பா வீடியோவில் வந்தார். அம்மா உடுத்திவிட்ட அதே பச்சைச் சட்டைகளில் இரண்டு பேரும். "பெரியவள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சின்னவள் "நீங்களே சொல்லுங்கள்" என்றாள். அவர் சொன்னது பிழைத்துவிட்டது. அவள் அழவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போனாள், பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாள், உள்சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டாள். மாசி கடைசியில் வரும்போது பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி இரண்டு பார்சல் கொண்டுவருவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

டிசம்பர் 31

பிள்ளைகளிடமே கேட்டுவிடு என்று மச்சாள் சொன்னார். கேட்டேன்.

பெரியவள்: "அவள் போடுவதுதான் எனக்கும்."
சின்னவள்: "அவள் போடாதது."

இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது? ஒரே மாதிரி உடுப்பதற்கு இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். வேறாக உடுப்பதற்கு ஒருத்தி போதும். அப்படியென்றால் எப்போதும் சின்னவள்தான் வெல்வாள். அது பெரியவளுக்கு அநியாயமில்லையா? அவளுடைய ஆசையும் சின்ன ஆசை இல்லை. இரவில் தங்கையின் சட்டை நுனியைப் பிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. எட்டு நிமிடம் முந்திப் பிறந்தவள் என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம்.

ஆனாலும் யோசித்துப் பார்த்தால், தன் உடம்பில் எது இருக்க வேண்டும் என்பதில் ஒரு பிள்ளையின் 'வேண்டாம்' மற்றப் பிள்ளையின் 'வேண்டும்' என்பதைவிடப் பெரியது. இதை அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். நாளை வருடப்பிறப்பு. நாளைக்கு வேண்டாம்.

ஜனவரி 2

சின்னவளுக்குக் காய்ச்சல். 39.

ஜனவரி 4

இறங்கவில்லை. பரசிற்றமோல் மட்டும் கொடுக்கச் சொன்னார்கள், வேறு எந்தக் காய்ச்சல் மருந்தும் கூடாது. இரத்தம் எடுத்தார்கள். மாலையில் பெரியவளுக்கும் உடம்பு சுடுகிறது. மழைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இதே கதை. காலையில் அம்மா தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டார்.

ஜனவரி 5

ஆஸ்பத்திரி. இரண்டு பேரும்.

ஜனவரி 6

சின்னவளுக்கு டெங்கு. இரத்தத்தில் சிறுதட்டு, அதாவது பிளேட்லெட், 86,000. பெரியவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்கிறார்கள், ஆனாலும் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

ஜனவரி 7

கை நடுங்குகிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காய்ச்சல் இறங்கும் நேரம்தான் பயமான நேரம் என்று டாக்டர் விளக்கினார். அப்போதுதான் நாளத்திலிருந்து நீர் கசியுமாம். குறைவாகக் குடித்தாலும் ஆபத்து, கூடக் குடித்தாலும் அந்த நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கிவிடும். அதனால் சின்னவள் குடிப்பது எல்லாம் அளந்து, போவதும் அளந்து, மணிக்கு மணி தாளில் குறிக்க வேண்டும். பெரியவள் கேட்டதைக் குடிக்கலாம்.

இரண்டு பேரும் அம்மா தைத்த அதே வெள்ளை இரவுச் சட்டையில். விடியற்காலை நான் வாய் கழுவப் போய் வருவதற்குள், புதிதாக வந்த தாதி பெரியவளின் கையைப் பிடித்து இரத்தம் எடுக்க ஊசியை ஓங்கிவிட்டார். சின்னவளின் தாள் பெரியவளின் கட்டிலில் கிடக்கிறது. பெரியவள் வாயே திறக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நான் கத்தினேன். மணிக்கட்டில் பட்டி இருக்கிறதே, அதை ஒருதரம் வாசிக்கக்கூடாதா? ஊசி பரவாயில்லை. அந்தத் தாளைப் பார்த்து ஒருத்தியின் தண்ணீரை மற்றவளுக்குக் கொடுத்திருந்தால்?

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பத்து மணிக்கு ஓட்டோவில் வந்து இறங்கினார். பையில் ஒரு சிவப்புச் சட்டை, ஒரு நீலச் சட்டை. சின்னவளுக்குச் சிவப்பைப் போட்டுவிட்டார், பெரியவளுக்கு நீலம். பிறகு தாதியிடம் போய், "சிவப்புத்தான் டெங்கு, மகள்" என்று நிதானமாகச் சொன்னார்.

பெரியவள் சிவப்புக் கேட்டு மதியம்வரை அழுதாள்.

ஜனவரி 8

48,000.

ஜனவரி 9

தாளில் எண்கள் மட்டும். குடித்தது, போனது.

ஜனவரி 10

ஏறுகிறது. 71,000. கஞ்சி கேட்டாள். வெறும் கஞ்சி இல்லையாம், சம்பலோடு.

ஜனவரி 13

வீடு. தையல் அக்கா மஞ்சள் துணியில் சட்டைகளைத் தைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தார். முன்பே நான் அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தேன்: ஒன்றுக்குக் கொலர், பக்கத்தில் பை, மற்றதற்குச் சுருக்குக் கை, பின்னால் முடிச்சு. அம்மாவின் துணியும் இருக்கட்டும், சின்னவளின் ஆசையும் இருக்கட்டும் என்று.

சின்னவள் பார்த்துவிட்டு, "இது அதே சட்டைதானே" என்றாள். பெரியவள், "என்னுடையதில் ஏன் பை இல்லை?" என்றாள்.

சின்னவளுக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை. இறங்கிப் போயிருக்கிறாள். பொங்கலுக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். அவளுக்குப் பழைய ஊதாச் சட்டையைப் போடப்போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவள் கேட்டால் போடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜனவரி 16

கைரேகைகூட ஒன்றாக இராதாம். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களுக்கும் வயிற்றுக்குள் இருக்கும்போதே ரேகை வேறு வேறாகிவிடுமாம். இன்று இரண்டு பேரின் கட்டைவிரலிலும் மை தடவிக் கடதாசியில் வைத்துக் காட்டினேன். சின்னவள் தன்னுடையதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். பெரியவள் இரண்டையும் தரச் சொல்கிறாள்.

ஜனவரி 20

பள்ளிச் சீருடை போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. சின்னவள் முரண்டு பிடிப்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் இதுதானே போடுவார்கள்?" என்று கேட்டாள். ஆம் என்றேன். "அப்படியென்றால் சரி."

அம்மா சிரித்தார். நீல வெள்ளைக் கட்டத்தை நினைத்திருப்பார்.

ஜனவரி 22

வகுப்பாசிரியை அடையாளத்துக்கு ஒருத்திக்கு வேறு நிற ரிப்பன் கட்டிவிடச் சொல்கிறார். யாருக்கு? அதை நான் தீர்மானிக்கப் போவதில்லை, அவர்களே எடுக்கட்டும். முதல் நாளிலேயே ஒருத்தியின் காதுமடலில் இருக்கும் மச்சத்தைக் காட்டியிருக்கிறேன். முகத்தைப் பார்த்துப் பழகினால் அவருக்கு ஒரு கிழமை போதும்.

ஜனவரி 23

சின்னவள் பச்சை ரிப்பன் எடுத்தாள். பெரியவள் பச்சைதான் வேண்டுமென்று நிலத்தில் புரண்டாள். இன்று நான் பெரியவளோடு அதிக நேரம் இருந்தேன். "நீ அவளைப்போல் இருக்க வேண்டியதில்லை, அவள் பக்கத்தில் இருந்தால் போதும்" என்றேன். புரிந்ததா தெரியவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஜனவரி 24

தரம் 1 இல் இரண்டு பிரிவு இருக்கிறதாம். ஒரே வகுப்பிலா, பிரித்தா என்று அதிபர் திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார். அம்மா பிரிக்கவே கூடாது என்கிறார். பிள்ளைகளின் அப்பாவுக்கு இரவு வேலை, பத்து மணிக்குப் பிறகுதான் அழைப்பார். பார்சலைப் பற்றியும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், இரண்டு நிறத்தில் என்று.