நான்காம் மாடி

செப்டம்பர் 3
வயிற்றுப் பிள்ளைக்கு 28 வாரம். விடிந்து பார்த்தால் விரிப்பெல்லாம் சிவப்பு. வலி இல்லை. ஒரு இழுப்புகூட இல்லை.

செப்டம்பர் 4
ஸ்கேனில் நஞ்சுக்கொடி கருப்பை வாயை முழுசாக மூடிக்கொண்டிருக்கிறது. 20-ஆம் வாரத்திலும் கீழேதான் இருந்தது. வயிறு பெருக்கப் பெருக்க ஏறிவிடும், பெரும்பாலும் அப்படித்தான் என்றார்கள். எனக்கு ஏறவில்லை. பாப்பா பிறந்தபோது ஆபரேஷனில் போட்ட தையல் தழும்புக்குள் வேர் விட்டிருக்கிறதா என்றுதான் சயாமா, பர்மாக்கார டாக்டரம்மா, நெடுநேரம் தேடினார். விட்டிருந்தால் பிள்ளை வந்த பிறகும் நஞ்சு பிரியாது. கருப்பையையே எடுக்க நேரலாம். "இப்போதைக்குத் தெரியவில்லை" என்றார். அந்த இப்போதைக்குதான் ராத்திரி முழுக்க.
உள்ளே கைவிட்டுச் சோதிக்க யாரையும் விடக்கூடாதாம். சீட்டில் சிவப்பு மையில் எழுதித் தந்தார்.
நான் ஓ நெகட்டிவ். பிள்ளையின் ரத்தத்தை என் உடம்பு எதிர்க்காமலிருக்க 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி போட்டாகிவிட்டது.

செப்டம்பர் 9
குடம் தூக்கினதால்தான் என்கிறார் அத்தை. தூக்கினதால் இல்லை அத்தை, பழைய தழும்பு இருந்தால் இப்படி வர வாய்ப்பு அதிகமாம். சொன்னேன். கேட்டுக்கொண்டார். சாயங்காலம் மறுபடி குடம்.

செப்டம்பர் 11
64 படி. லிஃப்ட் இல்லை. காய்கறி பால்கனிக் கயிற்றில் மேலே வருகிறது. நான் எப்படிக் கீழே போவேன்?

செப்டம்பர் 15
பர்மாக்காரர்களில் நெகட்டிவ் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறாது. நம்மவர்களில்தான் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஓ பாசிட்டிவ், எனக்கு உதவாது. கடை மூடியதும் காளியம்மன் கோயில் பக்கம் வீடு வீடாகப் போய் ரத்தம் கேட்கிறார். பூக்கடை அண்ணன் தருகிறேன் என்றிருக்கிறார். எடுத்து வைத்தால் 35 நாள்தான் தாங்குமாம். சீக்கிரம் எடுத்தால் வீணாகும், தாமதித்தால் நான். கணக்குப் போட்டுப் போட்டு அழித்தேன்.
அந்த அண்ணனுக்குச் சளிகூடப் பிடிக்கக் கூடாது தாயே.

அக்டோபர் 1
32 வாரம். நஞ்சு அசையவில்லை. வேர் விட்ட அடையாளமும் இல்லை. இன்று சோறு இறங்கியது.

அக்டோபர் 12
விஜயதசமி. பாப்பா அரிசியில் 'அ' எழுதிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன், தரையெல்லாம் சிவப்பு. அப்போதும் வலி இல்லை. கரண்டும் இல்லை. கீழே டீக்கடைப் பையன்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு என்னைத் தூக்கி இருட்டில் இறக்கினார்கள். ஒருத்தன் பர்மா பாஷையில் படி எண்ணிக்கொண்டே வந்தான். அவன் எண்ணியதைப் பிடித்துக்கொண்டுதான் நான் மூச்சு விட்டேன். அவன் பேர்கூடக் கேட்கவில்லை.
ஆஸ்பத்திரியில் பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி. 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. மறுபடி ஆன்டி-டி.

அக்டோபர் 14
நின்றுவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு விடமாட்டார்களாம். நல்லது.

அக்டோபர் 17
தடின்ஜுட் பௌர்ணமி, பர்மாக்காரர்களின் விளக்குத் திருநாள். ஆஸ்பத்திரிக்கு எதிர் வீடுகளிலெல்லாம் மெழுகுவத்தி. பாப்பா போனில், "தம்பி எப்பம்மா வரும்?"

அக்டோபர் 22
30-ஆம் தேதி ஆபரேஷன். மறுநாள் தீபாவளி. அண்ணன் நேற்று ரத்தம் கொடுத்துவிட்டார். ஒரே பை. இன்னும் ஒன்றாவது வேண்டும்.

அக்டோபர் 24
காலை 4 மணி. மறுபடி. வலி இல்லை. மணி அடித்துவிட்டேன். செருப்புச் சத்தம் கேட்கிறது