சர்வர் யார் வசம்?

கடைக்காரர்களுக்கான கணக்கு மென்பொருளைச் செய்துவந்த ஒரு சிறு நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று என் வட்டாரம் முழுக்க மரக்கடை, நகைக்கடை, பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலைக் கடை எல்லாவற்றிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. பழுது என்று அழைப்பு வந்தால் நான்தான் போவேன். பிறகு பெரிய நிறுவனம் ஒன்று எங்களை வாங்கியது. அதற்குப் பின் ஒரு பழைய மென்பொருளுக்கு என்னென்ன நேரும் என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் நான். 2022 ஜனவரியில், கணினி விளையாட்டுகளைச் செய்யும் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எல்லாரும் அதன் புகழ்பெற்ற விளையாட்டுகளான கால் ஆஃப் டியூட்டியைப் பற்றியும் கேண்டி கிரஷ் பற்றியும் பேசினார்கள். எனக்கு அதே நிறுவனத்தின் பழைய விளையாட்டான ஸ்டார்கிராஃப்ட் 2 என்ன ஆகும் என்ற கவலைதான் வந்தது.

அந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாதுவை வெட்டி எடுக்க வேண்டும், தளம் கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும், எதிரி என்ன செய்கிறான் என்று வேவு பார்க்க வேண்டும். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்; உங்கள் முறை வரட்டும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். முதல் ஸ்டார்கிராஃப்ட் 1998-இல் வந்தது, இரண்டாவது 2010-இல் வந்தது. தென்கொரியாவில் இதை ஆடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு தலைமுறை உருவானது. டீப்மைண்ட் நிறுவனம் 2019-இல் தன் செயற்கை நுண்ணறிவைத் தேர்ந்த மனிதர்களோடு மோதவிட்ட களமும் இதுதான். நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்துவிட்டு வீடு திரும்பும் எனக்கு, முழு மனத்தையும் கேட்கும் ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. இன்றும் தேவைப்படுகிறது.

நிறுவனம் கைமாறினால் பழையதை மறுநாளே மூடிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தது அப்படியல்ல. முதலில், எதுவும் மாறாது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அது பொய்யில்லை, சில மாதங்கள் உண்மையிலேயே எதுவும் மாறவில்லை. பிறகு புதிய நிர்வாகத்தார் எல்லா மென்பொருள்களையும் ஓர் அட்டவணையில் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் வருமானம் எவ்வளவு, ஆட்கள் எத்தனை பேர், அடுத்த ஆண்டு வளர்ச்சி எவ்வளவு என்று மூன்று கட்டங்கள். எங்கள் மென்பொருள் முதல் இரண்டு கட்டங்களில் நன்றாகவே நின்றது. மூன்றாவதில் தோற்றது. காரைக்குடியில் இருக்கிற கடைகள் இருக்கிறபடி இருக்கும், அவை ஆண்டுதோறும் இரட்டிப்பாவதில்லை. யாருக்கும் எங்கள் மீது பகை கிடையாது. நல்ல ஆட்களைப் புதிய திட்டத்துக்குக் கேட்டார்கள், அவ்வளவுதான். ரசீது அச்சாகும் பகுதியை எழுதிய நண்பர் சென்னைக்கு மாற்றப்பட்டார், கொஞ்ச காலத்தில் வேலையையே விட்டுவிட்டார். வரி விகிதம் மாறும்போதெல்லாம் அந்தப் பகுதியைத் திருத்த வேண்டும். திருத்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. "அண்ணே, இதைத் தொட்டால் வேறு எது உடையும் என்று எனக்குத் தெரியாது" என்று புதிதாகச் சேர்ந்த பையன் கைவிரித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. எழுதியவர் எதையும் குறித்துவைக்காமல் போயிருந்தார். அவரிடம் அதைக் குறித்து வாங்கும் அவகாசத்தை யாரும் கொடுக்கவும் இல்லை.

அடுத்ததாக, கடைக்காரர்களின் கணக்கை அவர்கள் கணினியிலிருந்து நிறுவனத்தின் மையக் கணினியான சர்வருக்கு மாற்றச் சொன்னார்கள். பலகாரக் கடை நடத்தும் ஓர் ஆச்சியிடம் அதை விளக்கப் போயிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இனிமேல் பேரேடு என் வீட்டில் இருக்குமா, உங்கள் வீட்டில் இருக்குமா?" என்றார். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தி, அத்தனையையும் பேரேட்டில் எழுதிக் காத்த குடும்பம் அது. எங்கள் நிறுவனக் கூட்டங்களில் நான் கேட்ட எந்தக் கேள்வியும் அந்த ஒரு கேள்வி அளவுக்கு நேராக இல்லை. நான் பதிலைச் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் முழுக் கணக்கையும் அச்சிட்டுக் கொடுத்துவிடு என்றார். அச்சிட்டுக் கொடுத்தேன்.

ஸ்டார்கிராஃப்ட் 2-இன் கதையையும் இந்தக் கண்ணால்தான் படிக்கிறேன். அதை மைக்ரோசாஃப்ட் தேய்த்துவிடும் என்ற அச்சத்தில் ஒரு பிழை இருக்கிறது. தேய்மானம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2017 நவம்பரில் விளையாட்டின் பெரும்பகுதியை இலவசமாக்கினார்கள். 2020 அக்டோபரில், இனி விலைக்கு விற்கும் புதிய பகுதிகளைச் செய்யப்போவதில்லை என்று பிளிஸார்டே அறிவித்தது. அதே ஆண்டில் அந்தக் குழுவில் இருந்த சிலர் வெளியேறி ஃப்ராஸ்ட் ஜெயன்ட் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆக, வாங்கியவர் கைக்கு வந்தபோதே அது மூன்றாவது கட்டத்தில் தோற்றுப்போன பொருள்தான்.

ஆனால் மைக்ரோசாஃப்டிடம் வேறொரு பழைய விளையாட்டும் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு நம்பிக்கையும் வருகிறது, கோபமும் வருகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வெளிவந்தது 1999-இல். அதைச் செய்த என்செம்பிள் ஸ்டுடியோஸை மைக்ரோசாஃப்ட் 2001-இல் வாங்கி, 2009-இல் மூடியது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆட்டக்காரர்கள் விடவில்லை. தாங்களாகவே கூடுதல் பகுதி ஒன்றை உருவாக்கினார்கள். 2013-இல் விளையாட்டு புதிய திரைகளுக்கு ஏற்ப மறுபடி வந்தபோது, அந்த ரசிகர்களின் வேலையே அதிகாரபூர்வமான விரிவாக்கமாக வெளியானது. 2019-இல் முற்றிலும் புதுப்பித்த பதிப்பு வந்தது. 2022 ஏப்ரலில் இந்திய அரச மரபுகளுக்கென ஒரு விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர் படை தமிழ் பேசுகிறது. ராஜேந்திர சோழனின் படையெடுப்பை நாமே நடத்தலாம். மரம் வெட்டப் போகும் குடியானவன் என் மொழியில் பதில் சொன்னதைக் கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். வெளிவந்து 20 ஆண்டுகளைக் கடந்த ஒரு விளையாட்டில், செய்தவர்களின் நிறுவனமே மூடப்பட்ட பிறகு, தமிழ் ஒலித்தது. மூடியதும் அதே மைக்ரோசாஃப்ட், பணம் போட்டு எழுப்பியதும் அதே மைக்ரோசாஃப்ட்.

எங்கள் பக்கத்தில் பெரிய வீடுகள் விலைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீடு. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பராமரிக்கச் செலவு கட்டுப்படியாகாது. வாங்க வருகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒருவர் வீட்டுக்கு விலை பேசுவார். ஓடு மாற்றி, ஆத்தங்குடித் தரையைத் துடைத்து, தங்கும் விடுதியாக நடத்துவார். மற்றவர் தூண்களுக்கு விலை பேசுவார். பர்மாத் தேக்கும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேரும். பத்திரப் பதிவு நாளில் இருவரையும் பிரித்தறிய முடியாது. வாங்கிய பிறகு யாரை வேலைக்கு வைக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

ஆக்டிவிஷன் பிளிஸார்ட் பேரம் பிரிட்டிஷ், அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் எதிர்ப்பைத் தாண்டி 2023 அக்டோபர் 13 அன்று முடிந்தது. 2024 ஜனவரியில் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை மைக்ரோசாஃப்ட் வேலையைவிட்டு நீக்கியது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் அச்சுப் பகுதி நண்பர் நினைவுக்கு வந்தார். அந்த 1,900 பேரில் எத்தனை பேரின் தலைக்குள் எந்தெந்தப் பழைய நிரலின் வரைபடம் இருந்ததோ. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டுகள், சந்தா கட்டிப் பல விளையாட்டுகளை ஆட வழிசெய்யும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸில் சேர்க்கப்பட்டன. ஒரு புதுத் தலைமுறை அவற்றைத் திறந்து பார்க்க அது வழி செய்தது. நல்ல காரியம். ஆனால் கடை அலமாரியில் ஒரு பொருளை முன்னே எடுத்து வைப்பதும் அதைப் பழுதுபார்க்க ஆள் வைப்பதும் வெவ்வேறு.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பிழைத்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 1999-இன் வட்டு கையில் இருந்தால் போதும். ஓர் அறையின் கணினிகளைக் கம்பியால் இணைத்து ஆடலாம், நிறுவனத்தைக் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்தில்தான் ஆட்டக்காரர் கூட்டம் கலையாமல் இருந்தது. முதல் ஸ்டார்கிராஃப்டிலும் அந்த வசதி இருந்தது. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் அதை எடுத்துவிட்டார்கள். நானும் என் தம்பி மகனும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து மோத வேண்டுமானாலும், இருவரும் பிளிஸார்டின் பேட்டில்.நெட் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். பேரேடு அவர்கள் வீட்டில் இருக்கிறது. சர்வரை நிறுத்த ஒருநாள் யாரோ ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்தால், இத்தனை ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் வரைந்த வரைபடங்களையும் அவர்களுக்குள் வளர்ந்த போட்டியையும் எழுப்பி நிறுத்த ரசிகர்களுக்கு வழியே இருக்காது.

அதனால் மூன்றாவது பாகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நேரடி இணைப்பில் ஆடும் வசதியை ஸ்டார்கிராஃப்ட் 2-க்குத் திருப்பிக் கொடுக்கும் ஒரே ஒரு திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவராவது சம்பளப் பட்டியலில் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். மூடுவதற்கென்று தேதி குறித்த பிறகு அந்த வேலைக்கு ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்.