பைக், டென்ட், குறைந்த செலவு: பயண நாட்குறிப்பு

ஜனவரி 9

இன்று மூட்டை கட்டும் வேலை. எத்தனை கிலோ என்பதைவிட அது எங்கே உட்காருகிறது என்பதுதான் முக்கியம். டூல்ஸ், தண்ணீர், அடுப்பு எல்லாம் தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பின் பெட்டியில் கனம் ஏறினால் வேகத்தில் ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். அங்கே ஸ்லீப்பிங் பேக், துணிமணி போதும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிறு மலிவுதான், ஆனால் பள்ளத்தில் பைக் குதித்தால் கொக்கி கழன்றுவிடும். இழுத்துக் கட்டும்போது கை நழுவினால் கண்ணுக்கே ஆபத்து. பக்கிள் வைத்த பட்டைதான் சரி. பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் படபடக்காது. மிஞ்சும் நுனியைச் செருகி முடிச்சுப் போடுங்கள். அது செயினில் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். 20 கி.மீ. போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், அதற்குள் பைகள் அமுங்கியிருக்கும். சைலன்சருக்கும் பைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

ஜனவரி 10

மலிவு டென்ட் பெரும்பாலும் ஒழுகுவது தையலில்தான். சீம் சீலர் (தையலை அடைக்கும் பசை) தடவி ஒரு நாள் காயவிட்டால் போதும். சிலிக்கான் பூச்சுத் துணிக்கு சிலிக்கான் சீலர்தான் ஒட்டும், மற்றது உரிந்து வந்துவிடும். அடிவிரிப்பு டென்ட்டைவிட நான்கு பக்கமும் 5 செ.மீ. சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் மழைநீரை வாங்கி அடியில் தேக்கும்.

சைட் ஸ்டாண்டுக்கு அடியில் சின்னப் பலகை. மாலையில் இறுகிக் கிடக்கும் மண் இரவு மழையில் இளகிவிடும். பைக் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் டென்ட்டைத் தொடாத தூரத்தில் நிறுத்துங்கள். சரிவென்றால் முன் சக்கரம் மேட்டைப் பார்த்து, முதல் கியரில்.

ஜனவரி 12

செலவு செய்வதென்றால் முதலில் பாய்க்குச் செய்யுங்கள். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உடம்புக்கு அடியில் நசுங்கிவிடுவதால் தரைக் குளிரை அது தடுக்காது. பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது ஆர் மதிப்பு (R-value). கோடைக்கு 2 போதும், உறைநிலையை ஒட்டினால் 4 வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாய் போட்டால் மதிப்பும் கூடிக்கொள்ளும். ஃபோம் பாய் இடத்தை அடைக்கும், ஆனால் பஞ்சராகாது.

ஜனவரி 13

குளிர்காலையில் கேஸ் டப்பா எரியாவிட்டால் அடுப்பைக் குறை சொல்ல வேண்டாம். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே ஆவியாகாது. புரோப்பேன் கலந்த டப்பா வாங்குங்கள். பெட்ரோல் அடுப்புக்கு வண்டி டேங்கே போதும். என்ஜின் ஆறிய பிறகு எடுங்கள். கரி பிடிக்கும், ஜெட்டை (எரிபொருள் வரும் சிறு துளை) குத்தச் சிறு கம்பி வேண்டும். டென்ட்டுக்குள் எந்த அடுப்பும் கூடாது: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஜனவரி 14

டென்ட்டின் நனைந்த மேல்துணியைத் தனிப் பையில் வெளியே கட்டி, மதியம் நிறுத்தும் இடத்தில் விரித்தால் காய்ந்துவிடும். செயின் லூபை (செயினுக்கான மசகு எண்ணெய்) மாலையில், சூடு ஆறுமுன் அடியுங்கள். காலையில் அடித்த கையோடு கிளம்பினால் பாதி பின் ரிம்மில்தான் தெறித்திருக்கும்.