மோ பெர்க்கைத் தமிழில் எழுதி முடித்த அனுபவம்

அமெரிக்க பேஸ்பால் வீரராக இருந்து, இரண்டாம் உலகப் போரின்போது உளவு அதிகாரியான மோ பெர்க்கைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டபோது, பத்து நாளில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நான்கு மாதங்கள் பிடித்தன. முதல் வரைவு பதினான்கு இடங்களில் பென்சில் கோடுகளோடு திரும்பி வந்தது. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் ஆசிரியர் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: "இதை யார் பார்த்தது?"

இளமைப் பகுதியில் கோடுகள் இல்லை. 1902இல் நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தது, நியூவார்க்கில் தந்தை மருந்துக்கடை வைத்திருந்தது, பிரின்ஸ்டனில் மொழிகள் படித்து 1923இல் பட்டம் பெற்றது, விளையாடிக்கொண்டே கொலம்பியாவில் சட்டம் படித்து 1930இல் தேறியது எல்லாம் பதிவில் உள்ளவை. மகன் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூடத் தந்தை வந்து பார்த்ததில்லை என்ற செய்திதான் என்னைச் சற்று நிறுத்தியது.

அடுத்துச் சிக்கியது விளையாட்டு. பெர்க் ஒரு கேட்சர். மட்டையாளருக்குப் பின்னால் குந்தி அமர்ந்து, பந்து வீசுபவருக்கு விரல்களால் சைகை காட்டுபவர். நம் விக்கெட் கீப்பரோடு ஒப்பிட்டால் பாதிதான் விளங்கும். அவருடைய மட்டைச் சராசரி .243 என்று எழுதியிருந்தேன். கிரிக்கெட் வாசகர் அதை 24 ஓட்டங்கள் என்று படித்துவிடுவார் என்பது ஆசிரியர் சொன்ன பிறகே உறைத்தது. ஆகவே 1,813 முறை மட்டை பிடித்ததில் 441 முறை மட்டுமே அடித்துத் தளம் சேர்ந்தவர் என்று மாற்றினேன். பதினைந்து பருவங்களில் 663 ஆட்டங்கள், பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன்கள் ஆறே ஆறு. சைகை காட்டிப் பழகியவர் உளவுக்குப் போனதில் வியப்பில்லை என்று ஒரு வரி எழுதி, அதைப் பெரிதும் ரசித்து வைத்திருந்தேன். ஆசிரியர் அடித்தார், அடித்தது சரிதான்.

அதிக நாள் எடுத்துக்கொண்டது டோக்கியோ. பேஸ்பாலின் பெரும் நட்சத்திரங்களான பேப் ரூத்தும் லூ கெரிக்கும் அடங்கிய அணியோடு 1934இல் ஜப்பான் சென்ற பெர்க், நவம்பர் 29ஆம் தேதி மற்றவர்கள் ஓமியாவில் ஆடிக்கொண்டிருக்க, கிமோனோ அணிந்து, கையில் பூக்களோடு செயின்ட் லூக் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பிள்ளை பெற்றிருந்த அமெரிக்கத் தூதரின் மகளைப் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு, அவரைப் பார்க்காமலே கூரைக்கு ஏறி, ஆடைக்குள் மறைத்திருந்த 16 மி.மீ. கேமராவால் நகரத்தைப் படமெடுத்தார். இதுவரை சரி. அந்தப் படத்தை வைத்துத்தான் 1942 ஏப்ரலில் அமெரிக்க விமானப்படை அதிகாரி டூலிட்டில் தலைமையில் டோக்கியோமீது குண்டுவீசினார்கள் என்று நான் தொடர்ந்திருந்தேன். பல இடங்களில் படித்ததுதான். தேடத் தேட, அத்தாக்குதலுக்கு அப்படம் பயன்பட்டது என்பதற்கு உறுதியான சான்று எங்கும் கிடைக்கவில்லை. கட்டுரையிலேயே விறுவிறுப்பான பத்தியை எடுத்துவிட்டு, அப்படம் பின்னர் அமெரிக்க அதிகாரிகளுக்குத் திரையிடப்பட்டது என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்தேன். மனம் ஒப்ப இரண்டு நாள் ஆனது.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த நிகழ்ச்சியில் நேர்மாறான தொல்லை: நடந்ததே கட்டுக்கதைபோல் இருந்தது. 1943இல் சிஐஏவுக்கு முன்னோடியான ஓஎஸ்எஸ் என்ற அமெரிக்க உளவு அமைப்பில் சேர்ந்த பெர்க், இத்தாலியில் அமால்டி போன்ற இயற்பியலாளர்களை விசாரித்த பின், 1944 டிசம்பர் 18 அன்று சூரிச்சில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் ஆற்றிய உரையைக் கேட்கச் சட்டைப்பையில் துப்பாக்கியோடு போய் உட்கார்ந்தார். ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் அங்கேயே அவரைச் சுட வேண்டும். தனக்கென ஒரு சயனைடு குளிகையும் இருந்தது. உரையோ துகள்கள் மோதிச் சிதறுவதைக் கணக்கிடும் எஸ்-அணி (S-matrix) என்ற இயற்பியல் கோட்பாடு பற்றியது. குண்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிறகு, உரைக்கு அழைத்திருந்த பேராசிரியர் பால் ஷெரரின் வீட்டு விருந்தில், போரில் ஜெர்மனி தோற்றுக்கொண்டிருக்கிறது என்று ஹைசன்பர்க் வருந்திப் பேசியதைக் கேட்டார். விருந்து முடிந்ததும் அவரோடு தெருவில் கேள்விகள் கேட்டபடி நடந்தார். துப்பாக்கி வெளியே வரவில்லை. முதல் வரைவில் பெர்க்கின் நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஆசிரியரின் கேள்வி அங்கே இரண்டு முறை இருந்தது.

போருக்குப் பிந்திய இருபத்தேழு ஆண்டுகளை விரைவாகவே கடந்தேன். அமெரிக்க அரசு தனக்கு வழங்கிய சுதந்திரப் பதக்கத்தை அவர் மறுத்ததும், அவர் இறந்த பிறகு அக்கா எத்தெல் அதைப் பெற்றுக்கொண்டதும், நிலையான வேலையின்றி முதலில் அண்ணன் வீட்டிலும் பிறகு அக்கா வீட்டிலும் தங்கியதும் அரைப் பக்கத்தில் அடங்கின. தான் படித்து முடிக்குமுன் வேறொருவர் தொட்டுவிட்ட செய்தித்தாள் 'செத்துவிட்டது' என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்குவாராம். அதை மட்டும் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டேன்.

1972 மே 29 அன்று மருத்துவமனையில், இன்று நியூயார்க்கின் மெட்ஸ் பேஸ்பால் அணி எப்படி ஆடியது என்று தாதியிடம் கேட்டதே அவருடைய கடைசிப் பேச்சு என்று சொல்லப்படுகிறது. அணி அன்று வென்றிருந்தது. இறுதி வரைவிலும் பென்சிலோடு உட்கார்ந்த ஆசிரியர், தாதி என்ற சொல்லைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.